தயாநிதி வாங்கிய அறுபது லீற்றர் சாடி

டீட்டிகோனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கல்யாணமோ சாமத்தியச் சடங்கோ வந்தால், மண்டபம் பிடித்த கையோடு செய்யும் அடுத்த வேலை தயாநிதிக்கு ஃபோன் எடுப்பது. சமைப்பதற்காக அல்ல, சமையலுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தயாநிதியின் வேலை அளவு சொல்வது. முந்நூறு பேர் என்றால் போதும், கண்ணை ஒரு கணம் மூடித் திறப்பார். அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, யார் வீட்டுக் கிடாரம், அதற்கு எந்த அகப்பை என்று மளமளவென ஒப்புவிப்பார். எழுதிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. தராசு வைத்திருப்பவர்களைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வரும்.

அவருடைய பகல் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு பெரிய பொருட்களஞ்சியத்தில் அனுப்பும் பகுதியில் இருபது வருடமாக நிற்கிறார். நகரும் பட்டியில் வரும் பொருளைப் பார்த்ததுமே எந்தப் பெட்டி என்று கை போய் எடுத்துவிடும். கொஞ்சம் பெரிய பெட்டியாகத்தான் எடுப்பார், ஆனால் பொருள் அதற்குள் போகாமல் திரும்பி வந்தது என்று ஒரு நாளும் இல்லை. மேற்பார்வையாளர் புதிதாக வருபவர்களை அவரிடம்தான் அனுப்புவார். இதையெல்லாம் தயாநிதி தானாகப் போய் யாரிடமும் பீற்றிக்கொள்ள மாட்டார். யாராவது எடுத்துச் சொன்னால் தடுக்கவும் மாட்டார்.

இந்த அளவுப் பைத்தியம் அவருக்கு எங்கே பிடித்தது என்பதும் தெரிந்த கதைதான். எண்பத்தொன்பதில் அகதியாக வந்து இறங்கியபோது பதினான்கு பேர் ஒரே விடுதி, ஒரே அடுப்பு. முதல் முறை அவர் உலை வைத்த அன்று சோறு பற்றவில்லை. வேலை தேடி அலைந்துவிட்டுக் கடைசியாக வந்த இரண்டு பேரும் பாண் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை வாட்டியது. அன்றைக்கு எடுத்த முடிவு, இனித் தன் கை பட்ட இடத்தில் குறையக் கூடாது. இருபத்தைந்து வருடத்தில் குறையவும் இல்லை. இந்தப் பேரை அவர் தன் பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக வைத்திருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு அவருக்கும் மனைவி சிவகலாவுக்கும் லிம்மாத் ஆற்றோரத்தில் ஒரு தோட்டத் துண்டு கிடைத்தது. தோட்டச் சங்கத்தில் இருபத்திரண்டு குடும்பம். தலைவி திருமதி பிரெண்ட்லி பஸ் ஓட்டுபவர். தயாநிதியின் வயதுதான் இருக்கும். நேரம் தவறாத மனுசி, அதிகம் பேச்சில்லை. சங்கத்தின் கோடை விருந்துக்கு ஒருமுறை தயாநிதி அளவு சொல்லிச் சோறும் கோழிக்கறியும் போட்டார்கள். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, போகும்போது டப்பாக்களிலும் எடுத்துப் போனார்கள். அதன் பிறகு சங்கத்திலும் அவர் அளவுக்காரர் ஆகிவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒக்ரோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் தங்கள் பாத்தியிலிருந்து முட்டைக்கோசு என்கிற கோவாவைக் கொண்டு வருவார்கள். அதைச் சன்னமாகச் சீவி, உப்புப் போட்டு, ஒரே சாடியில் அடித்து இறுக்கி, மூடி, சங்கக் குடிசையின் நிலவறையில் வைத்துவிடுவார்கள். ஆறேழு கிழமையில் அது புளித்து சவர்கிரவுட் ஆகிவிடும். டிசம்பர் முதல் சனிக்கிழமை சாடியைத் திறந்து, உருளைக்கிழங்கோடும் இறைச்சியோடும் கூடியிருந்து சாப்பிடுவார்கள். அவர்களுக்கு அது நம் பொங்கல் மாதிரி. சீவும் சனிக்கிழமையில் தயாநிதிக்கும் சிவகலாவுக்கும் எப்போதும் ஏதாவது ஒரு கல்யாணம் வந்துவிடும், டிசம்பரில் சாப்பிட மட்டும் போவார்கள். 2014 தொடக்கத்தில் யாரோ சாடியைக் கழுவி, தண்ணீரோடு வெளியே வைத்துவிட்டார்கள். தண்ணீர் உறைந்து சாடி வெடித்துப் போனது. புதிது வாங்க வேண்டும். என்ன அளவு வாங்குவது? கூட்டத்தில் இருபத்திரண்டு தலையும் ஒரே பக்கம் திரும்பியது. தயாநிதிக்கு உச்சி குளிர்ந்து போனது.

திருமதி பிரெண்ட்லி பழைய சாடி முப்பது லீற்றர் என்று சொல்லத்தான் செய்தார். வருடா வருடம் அது நிரம்பிவிடுமா என்று தயாநிதி கேட்டார். ஓம், மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரம்பிவிடும் என்றார் அவர். தயாநிதி மனதுக்குள் சிரித்துக்கொண்டார். நிரம்பி நின்றதென்றால் பற்றவில்லை என்றுதானே அர்த்தம்? இத்தனை வருடமும் பாவம், நெருக்கியடித்து நடத்தியிருக்கிறார்கள்.

கடையில் நின்ற பெண் எத்தனை கிலோ கோவா என்று கேட்டார். தயாநிதிக்கு அது கேள்வியாகவே படவில்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு ஆட்கணக்கு. இருபத்திரண்டு குடும்பம், ஐம்பது பேர், கூட வருபவர்கள் இருபது, சொல்லாமல் வருபவர்கள் பத்து. அங்கே சொல்லாமல் ஒருவரும் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. குடிசைக் கதவில் ஒட்டிய தாளில் பெயர் எழுதாதவர், வழியால் போனாலும் எட்டிப் பார்க்க மாட்டார். தெரிந்தும் அந்தப் பத்துப் பேரைக் கழிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு மேல் பாத்திரத்துக்குள் போவது பொங்கும், பெருகும் என்பது அவர் கையில் ஊறிய பாடம். ஒரு பங்கு அரிசி மூன்று பங்கு சோறாகும். ஆகவே பாத்திரத்தில் இடம் விட வேண்டும். முப்பதைத் தாண்டி, நாற்பதைத் தாண்டி, அறுபது லீற்றர் சாடிக்கு முன்னால் போய் நின்றார். பழுப்பு நிறம், இரண்டு காது, மூடி உட்கார விளிம்பில் ஒரு வாய்க்கால். அதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தயாநிதிக்குத் திருப்தி.

சீவும் நாளுக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் அது காரிலிருந்து இறங்கியபோது சிவகலா ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்பவர். எடுத்த எடுப்பில் எதையும் சொல்லிவிட மாட்டார்.

“இதுக்குள்ள நான் இறங்கி நிண்டு கோவாவை மிதிக்கலாம் போல கிடக்கு,” என்றார்.

இடம் வேண்டும், பெருகும் என்று தயாநிதி விளக்கினார். சிவகலா அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். கீரைக் கட்டு சட்டிக்கு வெளியே தலை நீட்டி நிற்கும், இறக்கும்போது அகப்பை நிறைய வராது, வீட்டில் இருபத்தைந்து வருடம் கீரை தின்றவருக்கு இது தெரியாதா என்று கேட்டார். கோவா கீரை இல்லை என்றார் தயாநிதி. சொன்ன பிறகு சாடிக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். ஆனால் வாயிலிருந்து வந்த அளவைத் திருப்பி எடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். பதினொரு மணிக்கே ஆட்கள் கூடிவிட்டார்கள். வெளி இலையும் நடுத் தண்டும் கழித்த கோவாவைத் திருமதி பிரெண்ட்லி தராசில் நிறுத்து இருபத்துநான்கு கிலோ என்று எழுதினார், கிலோவுக்கு இருபது கிராம் உப்பு என்று கணக்குப் பார்த்தார். தயாநிதி அதை வழக்கமான இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சீவத் தொடங்கினார்கள். மூன்று சலவைக் கூடை நிறைந்து, நான்காவதும் தளும்பியது. மேசையில் ஒரு வெள்ளை மலை எழும்பியது. தயாநிதிக்குக் கால் தரையில் பாவவில்லை. பாரும், அறுபதும் பத்தாது போலிருக்கே என்று சிவகலாவின் காதில் சொல்லிவிட்டுப் போனார். சங்கத்தில் இருந்த தபால்காரர் கேலின் அவர் முதுகில் தட்டினார்.

உப்பைத் தூவிப் பிசைந்து, அரைமணி நேரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு கூடையாகச் சாடிக்குள் கொட்டி மர உலக்கையால் இடித்தார்கள். முதல் கூடை போனது. ஒரு சாண் உயரம் நின்றது, இடித்ததும் நான்கு விரல் ஆனது. இரண்டாவது போனது. மூன்றாவது போனது. ஒவ்வொரு முறையும் தயாநிதி எட்டிப் பார்த்தார். கோவா தண்ணீர் விட்டு, சுருண்டு, பணிவாகக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. நான்காவது கூடையும் முடிந்தபோது மேசை வெறுமை. சாடியில் பாதிகூட ஏறவில்லை. கோவா மேலெழும்பாமல் அமுக்கி வைக்கும் இரண்டு அரைவட்டக் கற்களையும் வைக்கக் கேலின் தோள்வரை கையை விட வேண்டியிருந்தது.

சாடியோடு வந்த தாளைத் திருமதி பிரெண்ட்லி கையில் வைத்துப் படித்துக்கொண்டு நின்றார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று தயாநிதி ஊகித்தார். காலையில் அவரே அதை மேலோட்டமாகப் பார்த்தவர்தான். சாடியில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்ப வேண்டும், கோவாவுக்கு மேல் காற்று அதிகம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். திருமதி பிரெண்ட்லி தாளை நான்காக மடித்தார், பொக்கற்றில் வைத்தார், நிமிர்ந்து புன்னகைத்தார். பரவாயில்லை, சரிவரும் என்றார். கேலினும் ஓம் ஓம், சரிவரும் என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். இன்னொருவர் காப்பி போடுவோமா என்று கேட்டார்.

தயாநிதிக்கு முகம் சுட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், சிரித்திருந்தால் கூடச் சேர்ந்து சிரித்திருப்பார். இந்தப் புன்னகையைத்தான் தாங்க முடியவில்லை. பாணை நனைத்துத் தின்ற அந்த இரண்டு பேரின் முகமும் இப்படித்தான் இருந்தது. கை கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். சிவகலாவும் பின்னால் வந்தார்.

“பழுதாகப் போகுது,” என்றார் தயாநிதி. “அவைக்கும் தெரியும். பிறகேன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?”

“திறக்க மாட்டினம். டிசம்பரிலை பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தாலும், உங்களுக்குத் தெரியாமல் கொட்டிப்போட்டு வேற எங்கையாவது வாங்கி வைப்பினம். நல்லா வந்திருக்கு எண்டு உங்கட முதுகிலையும் தட்டுவினம்.”

“உமக்கெப்பிடித் தெரியும்?”

சிவகலா குழாயை மூடினார். “இருபத்தைஞ்சு வருசமா நாங்கள் எல்லாரும் அதைத்தானே செய்யிறம்.”

அவர் குரலில் கோபம் இல்லை. பழைய சங்கதி ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். தயாநிதி ஈரக் கையோடு அப்படியே நின்றார். எதைச் சொல்கிறீர் என்று கேட்க நினைத்தார். கேட்கத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு விருந்து முடிந்த பிறகும் சிவகலா மண்டபத்தின் பின்வாசல் பக்கம் போய் அரைமணி நேரம் நின்றுவிட்டு வருவது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. பெண்கள் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தார். அங்கே என்ன பொதி கட்டினார்கள், எத்தனை கார்களின் பின்பெட்டிக்குள் அவை போயின என்று அவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் செருமி, தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னார். சாடி மிகப் பெரிது. பிழை என்னுடையது. பழைய அளவு சரியான அளவு. அதைச் சொல்லியும் நான் கேட்கவில்லை. இதற்குள் விட்டால் எல்லாருடைய கோவாவும் பழுதாகப் போகும்.

சொல்லி முடித்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. மனிசர் நாட்டை விட்டு வந்து அகதி விசாரணையில் உட்கார்ந்தபோதுகூட இவ்வளவு வியர்த்ததில்லை. திருமதி பிரெண்ட்லி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார், பொக்கற்றிலிருந்து தாளை எடுத்து விரித்தார். ஆம் தயாநிதி, மிகப் பெரிதுதான் என்றார். சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கேலின் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், தயாநிதியும் சிரித்தார், சிவகலா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அந்த அறுபது லீற்றரைப் பற்றி அங்கே ஒவ்வொருவரிடமும் ஒரு பகிடி காலையிலிருந்தே தயாராக இருந்திருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்றார் ஒருவர். என்னுடைய மாமியாரை வைக்கலாம் என்றார் கேலின்.

மணி மூன்றாகிவிட்டது. சனிக்கிழமை கடை ஐந்துக்குப் பூட்டினால் பிறகு திங்கள்தான். திருமதி பிரெண்ட்லி கார்ச் சாவியை எடுத்தார். பஸ்ஸை எப்படி ஓட்டுவாரோ அப்படித்தான் காரையும் ஓட்டினார். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் தயாநிதி மணிக்கூட்டைப் பார்த்தார்.

கடையில் அதே பெண். எத்தனை கிலோ கோவா என்று அதே கேள்வி.

“இருபத்துநாலு,” என்றார் தயாநிதி.

அப்படியென்றால் முப்பது லீற்றர் என்றார் அந்தப் பெண். முப்பது அங்கே நின்றது. அதற்குப் பக்கத்தில் நாற்பதும் நின்றது. தயாநிதியின் கண்ணுக்கு முப்பது ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சாமான்போலத் தெரிந்தது. நாற்பது எவ்வளவு நல்ல வடிவம், எவ்வளவு ஆறுதலான வயிறு. அடுத்த வருடம் புதிதாக ஒரு குடும்பம் சேரலாம். கோவா நன்றாக விளையலாம். அவர் கை அவரைக் கேட்காமலே நாற்பதின் காதைப் பிடித்துவிட்டது. திருமதி பிரெண்ட்லி பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறையும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று தயாநிதிக்குத் தெரிந்தது. கையை எடுத்தார். மனதுக்குள் கிலோவையும் லீற்றரையும் இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு முப்பதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு ஆளே தூக்கலாம்.

ஐந்து மணிக்குக் கோவா இடம் மாறியது. இடித்து முடித்து, புதுச் சாடியோடு வந்த கற்களை வைத்தபோது சாறு கற்களுக்கு மேல் இரண்டு விரல் நின்றது. அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலி. தாளில் போட்டிருந்த படம்போலவே இருந்தது. மூடியை வைத்து விளிம்பு வாய்க்காலில் கேலின் தண்ணீர் ஊற்றப் போனபோதுதான் சிவகலா பதறிப் பாய்ந்தார். ஊறுகாய்க்குக் கிட்டத் தண்ணியோ என்று கேலினின் கையைப் பிடித்துவிட்டார். வெளிக் காற்று உள்ளே போகாமல், உள்ளே பொங்கும் வாயு மட்டும் குமிழியிட்டு வெளியேற அந்தத் தண்ணீர் வேண்டும் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இன்றைக்குப் பிழை விட்டது தான் மட்டும் இல்லை என்று தயாநிதிக்கு ஒரு சின்னச் சந்தோசம். அறுபது லீற்றர் சாடி குடிசை வாசலில் நின்றுவிட்டது. அதில் குடைகளை வைக்கிறார்கள். கூட்ட நாட்களில் எல்லாக் குடையும் அதற்குள் போகிறது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சண்முகலிங்கம் வீட்டுக்கு வந்தார். ஆரா நகரில் கடை வைத்திருப்பவர். போன வருடம் மகனின் கல்யாணத்துக்கும் தயாநிதிதான் அளவு சொன்னவர். இப்போது மகளுக்கு. அதே முந்நூறு பேர், மண்டபம் பிடித்தாயிற்று. வெற்றிலைத் தட்டைப்போலப் பணிவாக ஒரு தாளை மடியில் வைத்து, பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

தயாநிதி கண்ணை மூடவில்லை.

“மகன்ர கலியாணத்துக்கு நான் எத்தினை கிலோ அரிசி சொன்னனான்?”

“அறுபது, அண்ணை.”

“எவ்வளவு மிஞ்சினது?”

சண்முகலிங்கம் சிவகலாவைப் பார்த்தார். சிவகலா மேசை விரிப்பைச் சரி செய்தார். எல்லாம் அளவாகத்தான் வந்தது, சனம் உங்களைத்தான் புகழ்ந்துகொண்டு போனது என்று சண்முகலிங்கம் தொடங்கினார். தயாநிதி தோட்டத்துச் சாடிக் கதையை எடுத்து, ஒன்றும் ஒளிக்காமல், அறுபது லீற்றரிலிருந்து குடை வரைக்கும் சொன்னார். சண்முகலிங்கத்துக்கு முதலில் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தார். சிரித்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு கிடாரம் திறக்கவே இல்லை, அண்ணை. அஞ்சு நாள் சாப்பிட்டம். கடைக்கு வந்த ஆக்களுக்கும் குடுத்தம். உங்களுக்குச் சொல்ல ஒருத்தருக்கும் மனம் வரேல்லை.”

தயாநிதிக்கு நெஞ்சுக்குள் ஒன்று இறங்கிப் போனது. வலித்தது என்றும் சொல்லலாம், லேசானது என்றும் சொல்லலாம். ஒருவரும் பசியோடு போகவில்லை என்பது உண்மைதான். அதற்கு மேல் அவர் கட்டி வைத்த பேர் முழுக்க மற்றவர்களின் பெருந்தன்மை. எழும்பிப் போய்க் குசினியிலிருந்து சிவகலாவின் தராசைக் கொண்டு வந்தார். ஒரு ஆள் சாப்பிடும் அரிசியை அதில் நிறுத்தார். கைநிறைய அள்ளியதில் பாதியைத் திரும்பப் பைக்குள் போட வேண்டியிருந்தது. அதை முந்நூறால் பெருக்கினார். ஒருமுறை சிவகலாவிடம் காட்டிச் சரி பார்த்தார்.

“முப்பத்தாறு கிலோ. ஒரு கிடாரம் போதும்.”

சண்முகலிங்கத்தின் முகம் வெளிறிவிட்டது. மகளின் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் லண்டனிலிருந்து வருகிறார்கள். பேனா தாளுக்கு மேல் நின்றது. “குறைஞ்சு போச்செண்டால், அண்ணை?”

“குறைஞ்சால் என்ர பேரைச் சொல்லுங்கோ,” என்றார் தயாநிதி. “மிஞ்சினால் எனக்குச் சொல்லுங்கோ.”

சண்முகலிங்கம் மறுபடியும் சிவகலாவைப் பார்த்தார்.

“எழுதுங்கோ,” என்றார் சிவகலா.